குழல் அதிகம்

ரிச்சி தெருவில் ஆயிரத்து எண்ணூறுக்கு
பேரம் பேசி வாங்கிய மிக்ஸர்.
நாலு ஃபேடரில் ஒன்று செத்தது, ஒன்று கரகரக்கும்.
சிவப்பு விளக்கு எரியாது;
குரல் எங்கே கிழிகிறதென்று
காதுதான் சொல்லவேண்டும்.

நல்ல ஸ்பீக்கருக்குக் காசில்லை.
கீழே ஜபருல்லா டீக்கடையில்
ஒரு ரேடியோ வைத்திருக்கிறோம்.
ஜெசிந்தா காற்றின் வேகம் வாசிக்க
நான் ஜன்னல் வழியே பார்ப்பேன்.
காசிமேட்டுக்காரர் எவராவது
"எவ்ளோன்னான்?" என்று தலையைத் திருப்பினால்
குழல் அதிகம்.
ஜபருல்லா வடிகட்டியை ஆட்டினால்
ஜெசிந்தா கத்துகிறாள்.

கன்டெய்னர் லாரிக்கு மட்டும்
என்னிடம் ஃபேடர் இல்லை.
அது ஹாரன் அடித்தால் அவள் நிறுத்துவாள்,
நான் குழலைத் தூக்குவேன்,
அவள் மூச்சிழுக்கும்போது இறக்குவேன்.

நேற்று
கரை திரும்பாத படகின் எண்ணை வாசித்துவிட்டு
நின்றாள்.
லாரி எதுவும் வரவில்லை.
என் விரல் பழக்கத்தில் ஃபேடருக்குப் போய்
அங்கேயே இருந்தது.
ஏழு நொடி, எட்டு நொடி,
சுவரில் ஒட்டிய முட்டை அட்டைகள்
எதையும் குடிக்காமல் விழித்திருந்தன.
கீழே டீ ஆற்றும் சத்தமும் நின்றிருந்தது.

பிறகு அதே எண்,
ஒவ்வொரு இலக்கமாக.
ஜபருல்லா கரித்துண்டால்
கடைச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார்.

இன்று அந்தக் கரகர ஃபேடருக்குள்
தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன்.
இன்னும் கரகரக்கிறது.
காற்று மணிக்கு நாற்பது கிலோமீட்டர்
என்கிறாள் ஜெசிந்தா.
கீழே ஒருவரும்
தலையைத் திருப்பவில்லை.