பாங்க் ஒன்று, சென்சர் இரண்டு

காரைதீவுச் சந்தி தாண்டுகையில் எரியத் தொடங்கியது
டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின்.
பதினொரு நாள் அதன்மேல்
முத்திரையொன்றை நக்கி ஒட்டிவிட்டு ஓடினேன்.
கந்தோரில் முத்திரைக்குப் பஞ்சமில்லை.

நற்பிட்டிமுனையில் நஸ்மிலின் கராஜ்.
ஸ்கேனரைச் செருகி வாசித்தான்:
பீ சைபர் ஒன்று நாலு ஒன்று.
"பின்னுக்குள்ள ஒட்சிசன் சென்சர் மேடம்.
சூடேத்துற கம்பி செத்துப் போச்சி.
உப்புக்காத்து."

முன்னால் இருப்பது வேறாம்.
கூட்டு, குறை, கூட்டு என்று
பெற்றோலை ஆட்டிவைக்கிற அதிகாரி.
இதுவோ
புகையைக் கழுவும் பெட்டிக்கும் பின்னால்
குழாயில் மூக்கை நுழைத்து நின்று
வருவதைப் பார்த்து
பார்த்ததைச் சொல்வது. அவ்வளவுதான்.
"இது இல்லாட்டியும் கார் ஓடும்" என்றான்.

அந்த உத்தியோகம் எனக்குத் தெரியும்.
பத்தொன்பது வருடமாகக் கல்முனையில்
உறுதி எழுதும் மேசையின் ஓரத்தில்
விற்பவர், வாங்குபவர், நொத்தாரிசு,
முதலாம் சாட்சி,
எல்லோருடைய பேனாவும் மூடியபின்
நான்.

நஸ்மில் முதலில் காட்டியது
சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ரெசிஸ்டர்.
வயரில் இதைக் கோத்தால்
கம்பி உயிரோடிருப்பதாகக் கம்பியூட்டர் நம்பிவிடும்.
ஆயிரத்து இருநூறு ரூபாய், தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடியும்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
பாரமேயில்லை.

கிட்டங்கிக்கு அப்பால் அரை ஏக்கர் வயல்.
விற்பவரின் கதிரை வெறுமையாக இருந்தது.
"ஆள் ஆஸ்பத்திரியில. ஒப்பம் எடுத்தாச்சு, நீ போடு."
மின்விசிறி காகிதத்தைத் தூக்கியது.
கல்லை எடுத்து மேலே வைத்துவிட்டுப் போட்டேன்,
'எமது முன்னிலையில்' என்ற சொல்லுக்கு
நேர் கீழே.
வழக்கு வரவில்லை.
எந்த விளக்கும் எரியவில்லை.

நஸ்மிலிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
"வேற என்ன கிடக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

ஜப்பானில் யாரோ ஓடிக் கழித்த காரில் கழற்றியது
ஒன்று கிடந்தது, நுனியெல்லாம் கரி.
எல்லாக் காருக்கும் பொதுவானது இன்னொன்று,
வயரை வெட்டி ஒட்டவேண்டும்.
"ஒட்டுற இடத்தில மறுகா உப்பு பூரும்" என்று அவனே சொன்னான்.
முன்னுக்குரியதும் இதே மரையில் ஏறுமாம்,
ஆனால் வயர் எட்டாது.
கடைசியில் படுத்து உள்ளே போய்
பழையதைப் பெற்றோலில் துடைத்து
போன் வெளிச்சத்தில் இலக்கத்தைக் கூப்பிட்டான்.
நான் பேரேட்டில் எழுதுகிற மாதிரி எழுதினேன்,
இரண்டு தரம் சரிபார்த்து.
முப்பத்தோராயிரம். கொழும்பு பஸ்ஸில் வரும்.
சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

செவ்வாய்க்கிழமை.
இளஞ்சூட்டில் எஞ்சின். இரவு முழுக்க எண்ணெய் குடித்த துரு.
பக்கம் பிளந்த சொக்கெட்டை மாட்டி
அவனும் பெடியனும் குழாய் போட்டு இழுக்க
முதலில் ஒன்றுமில்லை.
மறுகா ஒரு 'கிறீச்'.
தெருவில் போன ஆடு திரும்பிப் பார்த்தது.

புதியதை நான் கையில் எடுக்கப் போக,
"நுனியத் தொடாதீங்க மேடம்,
கையில உள்ள எண்ணெய் பட்டாலும் பிழையாச் சொல்லும்."
மரைக்கு மட்டும் பசை.
நாலு வயர்:
இரண்டு சூடேற, ஒன்று சொல்ல,
ஒன்று நிலத்துக்கு.
குளிர்ந்து போனால் அதற்கு எதுவும் தெரியாதாம்.

நிந்தவூர் தாண்டி, அக்கரைப்பற்று வரை ஓடிப் பார்த்தோம்.
அவன் போனில் இரண்டு கோடுகள்.
முன் கோடு வலையில் விழுந்த கீரிமீனாய்த் துள்ள
பின் கோடு
வரம்பு போலக் கிடந்தது.
"அப்பிடித்தான் இருக்கணும்" என்றான்.

பழையதை அவன் கேட்டான், கொடுக்கவில்லை.
லாச்சியில் கிடக்கிறது.

டாஷ்போர்டில் இப்போது எதுவும் எரிவதில்லை.
முத்திரையை உரித்துவிட்டேன்.
பசைதான்,
மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும்
வெயில் சரிந்து விழும் நேரங்களில்
சதுரமாகத் தெரிகிறது.