ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம்

கொணவட்டம் ஷெட்டில்
டிப்ஸ்டிக்கை உருவி நீட்டினார் இம்தாதுல்லா.
ஆயில் இல்லை, ஆறிப்போன பால் டீ.

தினமும் ரேடியேட்டருக்கு ஒரு சொம்பு ஊற்றியும்
தரையில் சொட்டு விழுந்ததில்லை என்றேன்.
நம்ம பாலாறு மாதிரிதான்,
மேலே காணோம்னா உள்ளே ஓடுது.

ஊசி சிவப்புக்குப் போச்சா?
இல்லவே இல்லை.

ஹெட்டைக் கழற்றினார்.
இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே
கரிந்துபோன கேஸ்கெட்.
ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி
பின்னால் டார்ச் அடித்தார்.
அடியில் மெல்லிசாக ஒரு கீற்று:
பள்ளிகொண்டா டோலிலிருந்து
நிறுத்தாமல் நான் ஓட்டிவந்த
பதினெட்டு கிலோமீட்டர்.

அவர் எதுவும் கேட்கவில்லை.
ஹெட் லேத்துக்குப் போனது.

வியாழக்கிழமை,
நடுவிலிருந்து வெளிப்பக்கமாக
ஒவ்வொரு போல்ட்டாக அவர் முறுக்கும்போது
நானே சொன்னேன்.

டிக் என்றது ரெஞ்ச்.
அந்தத் துணியை எடுங்க, என்றார்.