வால் வண்டி

பதினாலு பேர் வருவதாகச் சொன்னார்கள்.
நோட்டில் பேனாவால் பதினாலு என்று எழுதி
பக்கத்தில் பென்சிலால் ஒன்பது போட்டேன்.

நாள் குறிப்பதுதான் பெரிய பாடு.
ஞாயிறு என்றால் செல்வின்தாசுக்குச் சபை,
வெள்ளி என்றால் பீர்க்கண்ணுவுக்கு ஜும்ஆ,
செவ்வாய் என்றால் சுகுமாரன் தம்பிக்கு
விடிந்ததிலிருந்து அடையும்வரை ராகுகாலம்.
சனிக்கிழமை மிஞ்சியது.

மழை வந்தால்? என்றார் பீர்க்கண்ணு.
வைப்பர் வேலை செய்யுதா? என்றேன்.
மழை வராது என்றார்.

ஐந்தரைக்குக் குலசேகரம் சந்தைமுக்கு.
பென்சில்தான் ஜெயித்தது.
மூன்று நாள் துடைத்த பத்மினி;
டெல்பின் டீச்சரின் கறுப்புக் கான்டஸா,
நிற்கும்போதே பெட்ரோல் குடிக்கும்;
டிக்கி முழுக்க ஸ்பீக்கர் அடைத்த எஸ்டீம்;
தம்பியின் அம்பாசடர்;
கேரளா நம்பரில் நாலு ஜிப்சி.
ஒன்பதாவது என் எண்ணூறு.

ஒரே ஒரு விதி சொன்னேன்.
கண்ணாடியில் பின்வண்டியின் விளக்கு தெரியணும்.
தெரிந்தால் போய்க்கொண்டே இருக்கலாம்.
முட்டம் கலங்கரை விளக்கில் சாயா.

ஏற்பாடு செய்தவன் கடைசியில் வரவேண்டும்.
கயிறும் ஐந்து லிட்டர் தண்ணீரும் அவனிடம்தான்.
ரப்பர் மரங்களுக்கிடையே
எட்டு வண்டிப் புகையையும் நானே குடித்தேன்.
வளைவில் பிரேக் விளக்குகள்
ஒன்றுக்குப்பின் ஒன்றாய்ச் சிவந்து போகும்போது
தொண்டையில் என்னவோ செய்தது.
புகையாகவும் இருக்கலாம்.

வேர்க்கிளம்பி தாண்டியதும்
அம்பாசடர் மூக்கில் ஆவி.
தம்பி இறங்கி, பானெட்டைத் திறந்து,
சொந்தக்காரர் சவத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
குளத்தில் தண்ணீர் கோரி, ஆறவிட்டு, ஊற்றி,
மறுபடி ஆறவிட்டு
முக்கால் மணி நேரம்.
போன் அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை.
எஸ்டீமின் ஸ்பீக்கர் அப்படி.

இந்நேரம் எங்காவது ஓரங்கட்டி
எங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று
இரணியல் வரை நினைத்தேன்.
மணவாளக்குறிச்சியில் கொஞ்சம் குறைவாக.

முட்டத்தில் காற்று கதவைத் திறக்கவிடவில்லை.
பழம்பொரி முடிந்திருந்தது.
"எங்க போனீரு வே?" என்றார் செல்வின்தாஸ்,
நான் மூத்திரம் பெய்யப் போய்விட்டு வந்ததுபோல.
"எண்ணிப் பாத்தோம். ஒம்பது இருந்துச்சே."

ஒன்பது இருந்தது.
கடைசி ஜிப்சிக்குப் பின்னால்
வாழைக்குலை ஏற்றிய குட்டியானை.
அதன் டிரைவர் ஞானசிகாமணி
இரண்டாவது சாயாவை ஊதிக்கொண்டிருந்தார்.

"திங்கள்சந்தைக்குத்தான் சார் போனேன்.
முன்னால போற ஜிப்சிக்காரரு
வா வா வா ன்னு கைகாட்டினாரு.
முக்குல திரும்பப் பாத்தேன்.
நின்னு, எனக்காக நின்னு,
மறுபடியும் கைகாட்டினாரு.
போலீசு கான்வாயோ, பெரிய மந்திரி எவனோன்னு
லைட்ட அணைக்காம வந்துட்டேன்."

விதி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.
கண்ணாடியில் இரண்டு விளக்குகள்.
ஆறு வருடமாய் நான் பின்னால் வருவதும்
இரண்டு விளக்குகள்தானே.

கடல் பாறையில் ஏறி விழுந்துகொண்டிருந்தது.
கோபப்பட நினைத்தேன்,
அதற்கும் காற்று விடவில்லை.

சந்தையில் இந்நேரம் ஏலம் முடிந்திருக்கும்
என்று ஞானசிகாமணி சொன்னபோது
டெல்பின் டீச்சர்தான் முதலில் பையைத் திறந்தார்.
அப்புறம் எல்லோரும்.
பேரம் பேசியவர் தம்பி மட்டும்;
மட்டிக்குலைக்கு இருபது ரூபாய் குறைத்தார்,
தண்ணீர் குடித்த வண்டிக்கு நட்ட ஈடாம்.

எஸ்டீமின் டிக்கியில் இடமில்லை.
பீர்க்கண்ணு குலையைப் பின்சீட்டில் உட்காரவைத்து
சீட்பெல்ட் போட்டார்.
கடியபட்டணம் வளைவில்
அது ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிமிர்ந்ததைப்
பின்னால் இருந்து பார்த்தேன்.

என் கண்ணாடியில்
குட்டியானையின் விளக்கு.
திங்கள்சந்தை முக்கு வந்தது.
கையை வெளியே நீட்டி
போ என்று காட்டினேன்.
அவர் வா என்று புரிந்துகொண்டார்.