பதினொன்றரை

தண்டையார்பேட்டை, ஏழாம் நம்பர் கிடங்கு.
ஏற்காட்டிலிருந்து இரவெல்லாம் இறங்கிய லாரி
தார்ப்பாயில் பனி காயாமல் நிற்கிறது.

குத்தூசியைச் சாக்கின் விலாவில் செருகுகிறேன்.
உள்ளங்கையில் ஒரு பிடி கொட்டை,
மழைக்கு முந்தைய கடலின் நிறம்.
மீட்டர் யோசித்துச் சொல்கிறது:
பதினொன்று புள்ளி மூன்று.
"எறக்கு."
அடுத்தது பதிமூன்று புள்ளி ஒன்று.
பதினொன்றரைக்கு மேல் போனால் வாசலோடு சரி.

"இன்னாக்கா, ஒன்றரைக்கு இவ்ளோ பிகு பண்றே?"
என்கிறான் கஜபதி, தோளில் துண்டோடு.

ஈரம் தனியாக வராது கஜபதி.
ஒரு மூட்டை வேர்த்தால் பக்கத்து மூட்டைக்கும் வேர்க்கும்.
நாற்பதாம் நாள் வெள்ளையாய்ப் பூக்கும்,
யாரும் தலையில் வைக்காத பூ.

தரையிலிருந்து ஒரு சாண், மரச்சட்டத்தின் மேல்.
சுவரிலிருந்து ஒரு முழம்.
மத்தியானம் கடற்காற்று கிளம்பியதும்
கிழக்கு ஜன்னல்களைச் சாத்திவிடுவேன்.
காப்பிக்கு உடம்பெல்லாம் மூக்கு.
காசிமேட்டுக் கருவாட்டையும்
மணலியில் ராத்திரி திறந்துவிடுகிற வாயுவையும்
நம்மைப் போலப் பழகிக்கொள்ளத் தெரியாமல்
மனசில் வைத்திருந்து
என்றோ யாருடைய டம்ளரிலோ சொல்லிவிடும்.

ஆறு மணிக்குச் சாவியை ஒப்படைத்துவிட்டு
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கிறேன்.
கூட்ஸ் வண்டி முடிவதாயில்லை.

வீட்டில் உப்பு ஜாடி அழுதிருக்கிறது.
சுவரை ஒட்டிப் பாய், பாயில் நாலு பேர்.
பச்சைத் திட்டில் முதுகு சாய்த்து
ரெபேக்காள் தூக்கத்தில் இருமுகிறாள்.

ஒருநாள் மீட்டரைச் சாப்பாட்டுப் பையில் போட்டு எடுத்துவந்து
சுவரோரம் உதிர்ந்த காரையை அள்ளிப் போட்டேன்.
கொட்டையைத் தவிர வேறெதையும் அளக்கத் தெரியாதது.
இரண்டு கோடு காட்டி அணைந்தது.

மறுநாள் உடைந்த மரச்சட்டம் மூன்று கேட்டேன்.
"அடுப்புக்கா?" என்றான் கஜபதி.
இல்லை என்றேன். மேலே கேட்காமல்
மீன்பாடி வண்டியில் ஏற்றி
தானே மிதித்துக்கொண்டு வந்தான்.

ஒரு சாண் உயரம். ஒரு முழம் தள்ளி.
இப்போது பீரோவைத் திறக்க
யாராவது ஒருவர் எழுந்து வெளியே போகவேண்டும்.
பலகைமேல் ஏறி உட்கார்ந்து ரெபேக்காள் கேட்டாள்:
"நாங்க இன்னாம்மா, மூட்டையா?"

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.
இருக்கிற ஒரே ஜன்னலருகே போய் நின்றேன்.
சாத்தினால் புழுக்கம்,
திறந்தால் உப்பு.
கையைக் கொக்கியில் வைத்தபடி
கொஞ்ச நேரம் அப்படியே.