இருநூறு நகல்

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருந்தது.
எல்டோரெட் போகும் லாரிகள் தேநீருக்கு நிற்கும் சிற்றூரில்
ஜெரோதிச்சின் ஜெராக்ஸ் கடைக்கு
மஞ்சள் உறையில் வந்தது அந்தத் தாள்.

கொண்டுவந்தவன் அந்நியன் இல்லை.
கிப்தனுய். அவள் தம்பியோடு பந்தாடியவன்,
உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன்.
"இருநூறு நகல். சாயங்காலத்துக்குள்."
பேரம் பேசாமல் முழு நோட்டாக நீட்டினான்.

இதற்கு முன்பும் வந்திருக்கிறான்.
மழைக்காலத்தில் ஒரு துண்டறிக்கை:
'களை எடுக்கும் காலம் வந்தது.'
கீழே மண்வெட்டிப் படம்.
விவசாயத் துறை விளம்பரம் போலத்தான் இருந்தது.
'போல' என்று தெரிந்தேதான்
முந்நூறு அடித்துக் கொடுத்தாள்.
அந்தக் காசில் கூரைக்கு ஒரு தகரம்.
மழை பெய்யும்போதெல்லாம்
அந்தத் தகரம் மட்டும் வேறு மாதிரி ஒலிக்கிறது.

இந்தத் தாளில் படம் இல்லை.
பெயர்கள்.
பெயருக்கு எதிரே கதவின் நிறம்,
நாய் உண்டா இல்லையா,
எத்தனை தலை.
கைக்குழந்தையும் ஒரு தலை.

பதினேழாவது வரி:
ஞொகாபி, நீலக் கதவு, நாய் இல்லை, நான்கு.
நாய் இல்லை என்பது சரி,
போன மாதம்தான் செத்தது.
புதைக்க மண்வெட்டி கொடுத்தவள் ஜெரோதிச்.
அது தெரிய வேண்டுமென்றால்
இதை எழுதியவன்
அந்த வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்க வேண்டும்.

மூடியைத் திறந்தாள்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை ஓடினால் ஒரு நகல்.
இருநூறு முறை ஓடினால்...
கணக்கில் கெட்டிக்காரி. அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

"மை தீர்ந்துபோச்சு."
"நேற்று இருந்ததே?"
"நேற்று இருந்தது."

வீரம் என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை.
கால் நடுங்கியதை மேசை மறைத்தது.
அவன் தாளை மடித்துக்கொண்டு போனான்,
பக்கத்து ஊரில் இன்னொரு கடை இருக்கிறது.

அது அவளுக்கும் தெரியும்.
ஷட்டரை இறக்கிவிட்டு
வஃபுலாவுக்குப் போன் போட்டாள்.
தொழிலில் போட்டி, பேசி இரண்டு வருஷம்.
"உன் மெஷினிலும் மை தீரட்டும்" என்றாள்.
சாபம் என்று நினைத்துத் திட்ட ஆரம்பித்தான்.
திட்டி முடித்த பிறகு,
"யாருடைய தாள்?" என்று கேட்டான்.

பெட்ரோல் பங்க்கில் ஒரு பையன்
கேனில் ஊற்றமாட்டேன் என்றானாம்.
"வண்டியைக் கொண்டுவா, வண்டிக்குத்தான் ஊற்றுவேன்."
அவனுக்கு யார் சொன்னார்கள் என்று
இன்றுவரை தெரியவில்லை.

இருட்டிய பிறகு வீடு வீடாகப் போனாள்.
கண்ணுக்குள் பிரதியான பெயர்கள்
முப்பத்தொன்று இருந்தன.
ஞொகாபி பிள்ளைகளைக் கிளப்பினாள்,
பாதி வெந்த சோளத்தைப் பானையோடு தூக்கிக்கொண்டாள்.
ஒரு பெரியவர் சிரித்தார்:
"கிப்தனுய்யா? அவன் கல்யாணத்துக்கு
ஆடு கொடுத்தவன் நான்."
அவர் பெயர் தாளில் எத்தனையாவது வரி
என்று அவள் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

ஊர் தப்பியது என்று எழுத ஆசைதான்.
ஏழு வீடு எரிந்தது.
எண்பது எரியவில்லை.
எரியாததை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை,
நின்ற வீடு நிற்கிற வீடுதானே.
ஏழில் ஒன்றின் முற்றத்தில்
கயிற்றோடு ஓர் ஆடு மூன்று நாள் கத்திக்கொண்டிருந்தது.

ஆறு வருஷம் கழித்துக் கிப்தனுய் வந்தான்.
மகளின் பிறப்புச் சான்றிதழ்.
"எத்தனை?"
"ஒன்று போதும்."
அவள் அவனைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தாள்.
முதல் வரியிலிருந்து முத்திரை வரை.

இப்போதெல்லாம் அப்படித்தான்,
கல்யாணப் பத்திரிகையானாலும்
படித்து முடித்துத்தான் கண்ணாடியில் கவிழ்க்கிறாள்.
வரிசையில் முணுமுணுக்கிறார்கள்.
நேரமாகிறதாம்.