புல எண் 214/3

செங்கரைக் கண்மாய்க்கு மேற்கே
அந்தப் பொட்டலை மூன்று முறை அளந்துவிட்டேன்.
வேலைக்குச் சேர்ந்த வருடம் நூற்பாலைக்கு, சங்கிலியால்.
பிறகு மின்னணுப் பூங்காவுக்கு, நாடாவால்.
அடிக்கல் இரண்டும் அங்கேயே நிற்கின்றன.
ஒன்றில் பெயர் அழிந்துவிட்டது.
மற்றதில் ஆடுகள் முதுகு உரசி உரசி
'மாண்புமிகு' மட்டும் பளபளக்கிறது.

மூன்றாவது, போன வியாழக்கிழமை.
தலைக்கு மேல் செயற்கைக்கோள், கையில் கருவி,
சிங்கப்பூர் வங்கியின் கடன்.
"என்ன வருது?" என்றேன்.
"தரவு மையம்" என்றார் ஒன்றியத் தலைவர் வயிரவன்,
டாக்டர் கிறுக்கித் தந்த மருந்தின் பெயரைக்
கடைக்காரரிடம் சொல்வதுபோல.
எத்தனை பேருக்கு வேலை என்று ஆட்டுக்காரர் கேட்டார்.
எத்தனை மெகாவாட் என்று பதில் வந்தது.

வயிரவன் கெட்டவர் இல்லை.
வறட்சி வருடத்தில் டிராக்டரை விற்றுத்
தண்ணீர் லாரி விட்டவர்.
மகன் தோஹாவில் சாரம் கட்டுகிறான்.
"அவன் ஏறி நிக்க இந்த ஊர்ல ஒரு சுவர் வேணாமாய்யா?"
நான் கருவியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வங்கி அனுப்பியவர் கின் தீடா. யாங்கோன்காரர்.
மதியச் சாப்பாடு, விடுதியாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில்.
கவுனி அரிசியைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார்.
"இது எங்கள் காலைச் சாப்பாடு,
எள்ளும் தேங்காயும் போட்டு. இங்கே எப்படி?"
"கப்பல்ல வந்தது" என்று சிரித்தார் வயிரவன்.
"எங்க பக்கத்து ஆளுக நிலத்தையெல்லாம்
ஒங்க சர்க்கார் பிடுங்கிக்கிச்சே, அதுக்கு முன்னாடி."
மொழிபெயர்க்கும் பையன் என்னைப் பார்த்தான்.
நான் இலையைப் பார்த்தேன்.
பாதியை விழுங்கித்தான் சொல்லியிருப்பான்;
அவருக்கு முழுதும் புரிந்தது.

"எங்கள் பள்ளிப் பாடத்தில் அதற்கு விடுதலை என்று பெயர்.
பிடுங்கல் அதற்கும் முந்தியது. அடகுச் சீட்டு.
பியாபோன் பக்கம் எங்கள் வயலும்
உங்கள் பேரேட்டில் இருந்தது."
"சர்க்கார் எடுத்து ஒங்களுக்குத்தானே குடுத்துச்சு?"
"மேடையில் கொடுத்தார்கள். மாலையெல்லாம் போட்டு.
தாள் எங்கள் வீட்டில் இருக்கிறது.
வயல் ராணுவத்திடம்."

வயிரவன் அவருக்கு இன்னும் கொஞ்சம் கவுனி வைக்கச் சொன்னார்.

வட்டிக் கணக்கோடு கடல் தாண்டிய சீமை இது;
கடன் வாங்குகிறவர் பக்கத்து நாற்காலி
எங்களுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.
"வட்டி?"
"மிதக்கும் வட்டி."
"கம்மாயே காஞ்சு கெடக்கு, வட்டி மட்டும் மெதக்குதாக்கும்!"
இதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.
அறுபத்தோராம் பக்கம்: இயந்திரம் குளிரத் தண்ணீர்,
கண்மாயிலிருந்து.
அதற்கடுத்த பக்கம்: தகராறு வந்தால் வழக்கு,
லண்டனில்.

"நீங்க என் எடத்துல இருந்தா?" என்று கேட்டார்.
கின் தீடா தன் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டி
"இதற்குக் கட்டம் இல்லை" என்றார். கேலியாக இல்லை.

கையெழுத்துப் போட்டார் வயிரவன்.
பேனாவை மூடவில்லை.
திரும்ப அந்தத் தண்ணீர்ப் பத்திக்குப் போய்
ஓரத்தில் தமிழில் எழுதினார்:
'கண்மாய் நிறைந்தால் மட்டும்.'
செல்லுமா என்று பையனிடம் கேட்டார்.
அவன் வயது இருபத்து மூன்று, பாவம்.

சாயங்காலம் அளவை தொடங்க
அசையாத ஒரு புள்ளி வேண்டியிருந்தது.
நூற்பாலைக் கல்லின் தலையில் கருவியை நிறுத்தினேன்.
ஆட்டுக்காரர் மெல்லப் பக்கத்தில் வந்தார்.
"இதை எடுத்தாலும் எடுங்க.
அந்தக் கல்லை மட்டும் எடுத்துராதீக,
ஆடு சொறியணும்."