வேணும்னா

ராணிப்பேட்டை சிட்கோவில்
முனவ்வர் எழுதித் தந்த சீட்டு.
கோட்டுக்கு மேலே கிரைண்டிங், பேரிங்.
கீழே
"வேணும்னா" என்று நாலு வரி.

அறுபத்தெட்டு மாடல் ஹெரால்டின் கிராங்க்
பழைய பேப்பர்மேல் படுத்திருக்கிறது
முழங்கைகளை மடக்கிக்கொண்டு.

நைட்ரைடிங்: அம்பத்தூர் போய்வர மூணு வாரம்.
லட்சம் கிலோமீட்டர் தாங்குமாம்.
ஞாயிறுதோறும்
காட்பாடி பாலம் ஏறி இறங்குகிற வண்டி;
லட்சத்துக்கு எத்தனை ஞாயிறு என்று
கணக்குப் போட்டு, அடித்தேன்.

பாலிஷ். யார் பார்க்கப் போகிறார்கள்.

பேலன்ஸ் செய்தால்
கியர் கம்பி நடுங்காது மேடம் என்றார்.
அந்த நடுக்கம் கைக்குப் பழகிவிட்டது
என்று சொல்ல வெட்கப்பட்டு
டிக் போட்டேன்.

கடைசி வரி, விரிசல் சோதனை.
இருந்தால்?
"வேற கிராங்க் கிடைக்காது."
பார்க்காவிட்டால்?
"ஓடும். ஓடுற வரைக்கும்."

பத்தொன்பது வருஷமாக
பாகாயத்தில் ஒரு ஸ்கேன் அறை.
அசையாமப் படுங்க என்றுவிட்டுக்
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்துவிடுவேன்.
எதுக்கும் பார்த்துடலாமே என்று
எத்தனை பேரிடம், எவ்வளவு சுலபமாக.

டீ வந்தது. ஆடை கட்டியது.
தோல் லாரி ஒன்று
வாடையை விட்டுவிட்டுப் போனது.

நீல விளக்கில்தான் தெரியும்,
இருட்டு வேணும் என்றார்.

ஷட்டரை இறக்குங்க என்றேன்.
நான் உள்ளேயே நிற்கிறேன்.